டர்ட் பைக் பந்தயத்தைத் தொழிலாகக் கொள்ள விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பயிற்சிக்கு வரும் இளைஞர்களும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், பல ஆண்டுகள் பந்தயத்தில் ஓடியதிலிருந்தும் பிறருக்குப் பயிற்சி அளித்ததிலிருந்தும் நான் கற்றுக்கொண்ட பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். பெரும்பாலான பதில்கள் மோட்டோகிராஸை மையமாகக் கொண்டவை. தொழில்முறை டர்ட் பைக் வீரர்களில் பலர் அங்கிருந்துதான் புறப்படுகிறார்கள்.

டர்ட் பைக் பந்தயம் என்று சொல்லும்போது எந்தப் பந்தயத்தைக் குறிக்கிறோம்?

ஒரே பெயரால் அழைக்கப்பட்டாலும் இவற்றைத் தனித்தனித் தொழில்களாகவே கருத வேண்டும். மோட்டோகிராஸ் என்பது இயற்கையான மேடு பள்ளங்கள் கொண்ட மண் தடத்தில், நாற்பது பேர் வரை ஒரே வரிசையில் நின்று ஒரே நேரத்தில் புறப்படும் பந்தயம். 1924-இல் இங்கிலாந்தின் கேம்பர்லியில் நடந்த ஸ்க்ராம்பிள் போட்டியிலிருந்து வளர்ந்த இந்த விளையாட்டுக்கு 1957-இல் உலக சாம்பியன்ஷிப் தகுதி கிடைத்தது. அதே பைக்குகளை விளையாட்டரங்கத்துக்குள் கொண்டுவந்து, செயற்கையாக அமைத்த மண் மேடுகளின்மேல் தாவ வைப்பது சூப்பர்கிராஸ். 1972-இல் லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியம் அரங்கில் நடந்த போட்டியே இதன் தொடக்கம் எனலாம். அதை வென்ற மார்ட்டி ட்ரைப்ஸுக்கு அப்போது வயது 16.

எண்டூரோவில் காடும் மலையும் ஆறும் தடமாகின்றன. வீரர்கள் இடைவெளி விட்டுப் புறப்பட்டு, குறிக்கப்பட்ட பகுதிகளில் கடிகாரத்துடன் போட்டியிடுகிறார்கள். 1913 முதல் நடந்துவரும் ஆறு நாள் எண்டூரோ இதன் மிகப் பழைய பெரும்போட்டி. ஹார்ட் எண்டூரோ அதன் கடுமையான உறவு. ஆஸ்திரியாவின் இரும்புத்தாதுச் சுரங்க மலையில் 1995 முதல் நடக்கும் எர்ஸ்பெர்க் பந்தயத்தில், கடைசிப் போட்டியில் புறப்படும் ஐந்நூறு பேரில் முடிவுக்கோட்டை அடைபவர்களை எளிதில் எண்ணிவிடலாம். டாக்கர் போன்ற ரேலிகளில் இரண்டு வாரம் பாலைவனத்தில் ஓட வேண்டும். அங்கே வேகத்துக்கு இணையாக, வழிக்குறிப்புகள் அடங்கிய ரோட்புக்கைப் படித்துக்கொண்டே வழி கண்டுபிடிக்கும் திறமை தேவைப்படுகிறது.

முப்பது நிமிடம் முழு மூச்சில் மோதுவது பிடித்தவர்களுக்கு மோட்டோகிராஸும், தனிமையில் நீண்ட நேரம் நிதானம் தவறாமல் ஓடுவது இயல்பாக வருபவர்களுக்கு எண்டூரோவும் ரேலியும் பொருந்தும். எது உங்களுக்குரியது என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டிய அவசியம் இல்லை.

இதிலிருந்து வரும் வருமானத்தில் வாழ முடியுமா?

முடியும், ஆனால் மிகச் சிலரால் மட்டுமே முடிகிறது. மேல்நிலையில் தயாரிப்பு நிறுவனங்களின் சொந்த அணி வீரர்கள் இருக்கிறார்கள். ஹோண்டா, யமஹா, கவாசாகி, கேடிஎம் போன்ற நிறுவனங்கள் அவர்களுக்குச் சம்பளத்துடன் பைக், மெக்கானிக், பயணச் செலவு அனைத்தையும் தருகின்றன. அவர்களுக்கு அடுத்து, நிறுவனத்தின் ஆதரவு பெற்ற தனியார் அணிகளின் வீரர்கள். இவர்களுக்கு பைக்கும் உதிரிபாகங்களும் கிடைக்கும், சம்பளம் சிறிதாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மூன்றாம் நிலையில், சொந்த வேனில் சொந்த பைக்கை ஏற்றிக்கொண்டு, நண்பரையோ தந்தையையோ மெக்கானிக்காக அழைத்துக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் தனி வீரர்கள் இருக்கிறார்கள். எந்தத் தொடரை எடுத்துக்கொண்டாலும் தொடக்க வரிசையில் நிற்பவர்களில் கணிசமானோர் இவர்களே.

அணியில் இடம் பெறுவதற்கு வீரரே பணம் கொண்டுவர வேண்டிய வழக்கமும் இந்த விளையாட்டில் உண்டு. கேட்கும்போது மனம் கசக்கும். எனினும் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. வாரந்தோறும் முதன்மைப் பந்தயத்துக்குத் தகுதி பெற்று, பகலில் வேறு வேலை பார்த்து அந்தச் செலவை ஈடுகட்டும் தனி வீரரை நான் முழுமையான தொழில்முறை வீரராகவே மதிக்கிறேன். உங்கள் முதல் இலக்கு அந்த நிலையாக இருக்கட்டும்.

அதிவேகமாக ஓட்டுபவர்தானே வெல்கிறார்? வேறென்ன வேண்டும்?

இந்தக் கேள்விக்குப் புள்ளிக் கணக்கே பதில் சொல்கிறது. உலக மோட்டோகிராஸ் தொடரில் ஒரு நாளில் இரண்டு பந்தயங்கள். ஒவ்வொன்றும் 30 நிமிடமும் இரண்டு சுற்றும் நீடிக்கும். முதலிடத்துக்கு 25, இரண்டாம் இடத்துக்கு 22, பிறகு 20, 18, 16, 15 என இறங்கி இருபதாம் இடத்துக்கு 1 புள்ளி கிடைக்கும். முதல் பந்தயத்தில் அனைவரையும் முந்தி வென்று, இரண்டாவதில் விழுந்து வெளியேறியவரின் கணக்கு 25. இரண்டிலும் எட்டாம் இடத்தில் வந்தவருக்கு 13-உம் 13-உம் சேர்ந்து 26. பார்வையாளர்கள் எட்டாம் இடத்துக்காரரின் பெயரைக்கூடக் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் அடுத்த ஆண்டுக்கு ஆள் தேடும் அணி மேலாளர் கவனித்திருப்பார்.

ரிக்கி கார்மைக்கேல் 2002-இலும் 2004-இலும், ஜேம்ஸ் ஸ்டூவர்ட் 2008-இலும் அமெரிக்க மோட்டோகிராஸ் தொடரின் 24 பந்தயங்களையும் வென்றார்கள். 2023-இல் ஜெட் லாரன்ஸ் 450 சிசி பிரிவின் தம் முதல் பருவத்திலேயே 22-க்கு 22 வென்றார். அவர்களுடைய வேகத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அத்தனை பந்தயங்களிலும் பைக் நின்றுபோகவில்லை, உடல் கைவிடவில்லை, ஒருமுறை கூட ஆபத்தான தேவையற்ற முடிவால் வெற்றி பறிபோகவில்லை என்பதை எண்ணிப் பார்க்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. பயிற்சிக்கு வருபவர்களிடம் நான் முதலில் வளர்க்க விரும்புவது, தொடங்கிய பந்தயத்தை முடிக்கும் இந்தத் திறமையைத்தான்.

எந்த வயதில் தொடங்க வேண்டும்? இருபதைக் கடந்தவருக்கு வாய்ப்பு உண்டா?

உலகப் பட்டத்தை நோக்கமாகக் கொண்டால், பள்ளிப் பருவத்திலேயே 50 அல்லது 65 சிசி பைக்கில் தொடங்கியிருக்க வேண்டும். அமெரிக்கத் தொழில்முறைத் தொடர்களில் 16 வயதில் நுழையலாம். உலகத் தொடரின் எம்.எக்ஸ்.2 என்னும் 250 சிசி பிரிவுக்கு 23 என்ற மேல் வயது வரம்பு இருப்பதால், அணிகள் பதின்ம வயதினரையே தேடுகின்றன. அதற்கு மேற்பட்ட 450 சிசி பிரிவுக்கு மேல் வயது வரம்பு அவ்வளவு பெரிய தடையில்லை. பெல்ஜியத்தின் ஸ்டெஃபான் எவர்ட்ஸ் தம் பத்தாவது உலகப் பட்டத்தை 2006-இல் 33 வயதில் வென்றார்.

இருபதில் தொடங்குபவருக்கு அரங்க சூப்பர்கிராஸில் முன்வரிசை கிடைக்கும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். மூன்று மேடுகளை ஒரே தாவலில் கடக்கும் கணிப்பு சிறுவயதில் உடலில் பதிவதைப் போலப் பின்னர் பதிவதில்லை. எண்டூரோவும் ரேலியும் வேறு கதை. அங்கே பொறுமை, இயந்திர அறிவு, களைப்பிலும் தெளிவாக முடிவெடுக்கும் முதிர்ச்சி ஆகியவற்றுக்கு மதிப்பு அதிகம் என்பதால், முப்பதுகளில் இருப்பவர்கள் முன்னணியில் நிற்பது வழக்கமான காட்சி.

எந்த பைக்கில் தொடங்கலாம்?

உங்கள் ஆசையைவிட ஒரு படி சிறிய பைக்கில் தொடங்குங்கள். நன்கு வளர்ந்தவர்களுக்கு 125 சிசி டூ ஸ்ட்ரோக் மிகச் சிறந்த ஆசான். அதன் ஆற்றல் குறுகிய வரம்புக்குள் மட்டுமே கிடைப்பதால், சரியான கியரும் கிளட்சும் வளைவில் வேகத்தைக் காப்பாற்றும் பழக்கமும் இல்லாமல் அதை விரைவாக ஓட்டவே முடியாது. 450 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் பைக் உங்கள் பிழைகளைத் தன் ஆற்றலால் மறைத்துவிடும், பிறகு ஒருநாள் அவை எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கணக்குத் தீர்க்கும்.

புதிய பைக்தான் வேண்டும் என்பதில்லை. அமெரிக்கத் தொடர்களில் 1986 முதல், விற்பனைக்கு வரும் பைக்கை அடிப்படையாகக் கொண்டே பந்தய பைக் அமைய வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஆகவே கடையில் வாங்கும் மோட்டோகிராஸ் பைக்கே பெரும்பாலோரின் திறமையைவிட மேலானது. பணம் மிச்சமிருந்தால் என்ஜினின் ஆற்றலைக் கூட்டுவதற்கு முன் உங்கள் எடைக்கேற்ற சஸ்பென்ஷன் ஸ்ப்ரிங் வாங்குங்கள்.

லைசென்ஸ் எப்படிப் பெறுவது?

உலக மோட்டார்சைக்கிள் கூட்டமைப்பான எஃப்.ஐ.எம். 1904-இல் தொடங்கப்பட்டது, நூற்றுக்கும் மேற்பட்ட தேசியச் சங்கங்கள் அதில் உறுப்பினர்களாக உள்ளன. உங்கள் நாட்டின் உறுப்பினர் சங்கம் வழங்கும் போட்டி லைசென்ஸே முதல் படி. மருத்துவச் சான்றும் காப்பீடும் கேட்பார்கள், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும். சாலையில் ஓட்டும் லைசென்ஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

தடத்தில் எப்படிப் பயிற்சி செய்ய வேண்டும்? நாள் முழுவதும் ஓட்டினால் போதுமா?

நாள் முழுவதும் நோக்கமின்றி ஓட்டுபவர் தம் பிழைகளையே உறுதிப்படுத்திக்கொள்கிறார். ஒரு நாளுக்கு ஒரு திறமை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலில் தொடக்கம். நாற்பது பேர் ஒரே வளைவை நோக்கிப் பாயும் பந்தயத்தில், முதல் வளைவில் ஐந்தாவதாக இருப்பவருக்கும் இருபதாவதாக இருப்பவருக்கும் உள்ள வேறுபாட்டைச் சரிசெய்ய முப்பது நிமிடம்கூடப் போதாமல் போகலாம். பின்னால் இருப்பவர் கண்ணாடியில் மண், முன்னால் விழுந்தவர்கள், ஒரே தடத்துக்குப் போட்டி என்று மூன்று துன்பங்களையும் சேர்த்தே சந்திக்கிறார். ஆயினும் பயிற்சியில் தொடக்கத்துக்கு ஒதுக்கப்படும் நேரம் எப்போதும் குறைவு. கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கண்டறிவது, இடுப்பைச் சற்று முன்னே வைத்து முன்சக்கரம் எழாமல் காப்பது, இரண்டு கால்களும் விரைவாக ஃபுட்பெக் என்னும் கால்தாங்கிக்கு வருவது, தொடக்கக் கோட்டில் வீரர்களைத் தடுத்து நிற்கும் ‘கேட்’ மேல் பார்வையை நிலைநிறுத்துவது ஆகியவற்றை வாரத்துக்கு ஐம்பது முறையாவது செய்ய வேண்டும். கேட் வீரரை நோக்கியே விழும் என்பதால், முந்திக்கொண்டு நகர்ந்தவரின் சக்கரம் அதிலேயே மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது வளைவு. தாவலைப் பார்த்துத்தான் மக்கள் கைதட்டுகிறார்கள், நேரம் கிடைப்பதோ வளைவில். பிரேக்கை எங்கே பிடிப்பது, எங்கே விடுவது, எந்த இடத்தில் ஆக்சிலரேட்டரைத் திறப்பது என்ற மூன்று புள்ளிகளை ஒவ்வொரு வளைவுக்கும் குறித்துக்கொள்ளுங்கள். முன்சக்கரம் பதிந்த பள்ளத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் அதிலேயே தடுமாறுவீர்கள். வளைவு முடியும் இடத்தைப் பார்த்தால் பைக் தானே அங்கே செல்லும்.

மூன்றாவது, ஒரே மாதிரியான சுற்று நேரம். இருபது நிமிடம் ஓட்டி, ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் எழுதச் செய்யுங்கள். மிக வேகமான ஒரு சுற்றைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை; மூன்றாம் சுற்றுக்கும் பத்தாம் சுற்றுக்கும் இடையே எத்தனை வினாடி இழந்தீர்கள் என்பதையே பார்ப்பேன். தடம் புதிதாகச் சீரமைக்கப்பட்ட காலையில் மட்டும் ஓட்டிவிட்டு, மாலையில் அது குண்டும் குழியுமாக மாறியதும் வீட்டுக்குத் திரும்புபவர்கள் பந்தயத்தின் பின்பாதியில் ஏன் பின்தங்குகிறோம் என்று வியக்கிறார்கள்.

உடற்பயிற்சி அவ்வளவு முக்கியமா? பைக்தானே ஓடுகிறது?

மோட்டோகிராஸ் பந்தயத்தில் வீரரின் இதயத்துடிப்பு, பந்தயம் முழுவதும் தம் உச்ச அளவின் 90 விழுக்காட்டுக்கு அருகிலேயே இருப்பது வழக்கம். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள 450 சிசி பைக்கை நின்றபடியே தொடையாலும் முழங்காலாலும் கட்டுப்படுத்திக்கொண்டு, ஒவ்வொரு சில வினாடிக்கும் ஒரு முடிவெடுக்கும் வேலை இது. சைக்கிள், ஓட்டம், படகு துடுப்பு இயந்திரம் ஆகியவற்றால் நுரையீரலையும் இதயத்தையும் வளர்த்துக்கொண்டு, இடுப்பு, முதுகு, தொடை ஆகியவற்றுக்கு வலுப்பயிற்சி செய்ய வேண்டும். கைத்தசையைப் பெரிதாக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

புதியவர்கள் அனைவரையும் வாட்டும் ஒன்று ஆர்ம் பம்ப். முன்கைத் தசைகள் இரத்தத்தால் பருத்து, அவற்றைச் சுற்றியுள்ள உறை விரியாததால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. விரல்கள் மரத்துப்போய், பிரேக்கையும் கிளட்சையும் உணர முடியாத நிலை வருகிறது. உறையைக் கீறிவிடும் அறுவைச் சிகிச்சை இருக்கிறது, சில முன்னணி வீரர்கள் செய்துகொண்டும் இருக்கிறார்கள். அதற்கு முன் உங்கள் பிடியைப் பாருங்கள். முழங்கால்களால் பைக்கைப் பற்றாதவர் கைகளால் தொங்குகிறார். பதற்றத்தில் மூச்சை அடக்குகிறார். பெரும்பாலோருக்கு இந்த இரண்டையும் சரிசெய்தாலே துன்பம் பாதியாகக் குறைவதைக் கண்டிருக்கிறேன்.

பந்தய நாள் எப்படி நடக்கும்?

காலையில் பைக்கும் ஹெல்மெட்டும் பரிசோதிக்கப்படும், பிறகு தடத்தை நடந்து பார்க்க அனுமதிப்பார்கள். இந்த நடையைத் தவறவிடாதீர்கள். நேரக் கணக்குடன் கூடிய பயிற்சியில் யார் எவ்வளவு விரைவு என்பதைப் பொறுத்துத் தொடக்க வரிசையில் இடம் தேர்வு செய்யும் முறை வரும். சூப்பர்கிராஸில் முதன்மைப் பந்தயத்துக்கு 22 பேருக்கு மட்டுமே இடம். ஹீட் எனப்படும் தகுதிப் பந்தயத்தில் தவறியவர்களுக்குக் கடைசி வாய்ப்புப் பந்தயம் ஒன்று உண்டு. தனி வீரர்களின் உண்மையான நாடகம் அந்தச் சில சுற்றுகளில்தான் நடக்கிறது.

கொடிகளின் பொருளை உறக்கத்திலும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். மஞ்சள் ஆட்டப்பட்டால் முன்னே ஆபத்து, முந்தக் கூடாது. நீலம் காட்டினால் முழுச் சுற்று முன்னால் இருப்பவர் வருகிறார், வழிவிட வேண்டும். சிவப்பு பந்தயத்தை நிறுத்துவதற்கு. வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை தெரிந்தால் மருத்துவர்கள் தடத்தில் இருக்கிறார்கள். அமெரிக்கத் தொடர்களில் அந்த இடத்தில் தாவவே கூடாது, சக்கரம் தரையில் இருக்க வேண்டும். தரையில் கிடப்பது நாளை நீங்களாக இருக்கலாம் என்பதால் இதில் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை.

மெக்கானிக் வேலை எனக்குத் தெரிந்திருக்க வேண்டுமா?

கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஆறு நாள் எண்டூரோவில் டயர் மாற்றுவது உட்பட அனைத்தையும் வீரரே தம் கையால் செய்ய வேண்டும் என்பது விதி. மோட்டோகிராஸில் அந்த விதி இல்லாவிட்டாலும், அணி கிடைக்கும் வரை உங்களுக்கு மெக்கானிக் நீங்களேதான்.

ஒவ்வொரு முறை ஓட்டிய பின்பும் ஏர் ஃபில்டரைக் கழுவி எண்ணெயிட வேண்டும். மண்துகள் உள்ளே நுழைந்தால் பிஸ்டனும் சிலிண்டரும் தேய்ந்துபோகும். பந்தய என்ஜினின் ஆயுளைக் கிலோமீட்டரில் கணக்கிடுவதில்லை, மணிக்கணக்கில் கணக்கிடுகிறோம். ஆகவே மணி காட்டும் மீட்டர் ஒன்றைப் பொருத்தி, எண்ணெய் மாற்றம், பிஸ்டன் மாற்றம், வால்வு இடைவெளி பார்த்தல் அனைத்தையும் நோட்டில் எழுதுங்கள். ஸ்போக்குகளைப் புதுச் சக்கரத்தில் முதல் சில மணி நேரம் அடிக்கடி இறுக்க வேண்டும். பின் சஸ்பென்ஷன், நீங்கள் முழுக் கவசத்துடன் அமர்ந்திருக்கையில் ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் இறங்குகிறதா என்று பாருங்கள். மொத்த அசைவு 300 மில்லிமீட்டரை ஒட்டியது. இந்த அளவு தவறாக இருந்தால், வளைவில் பைக் உங்கள் பேச்சைக் கேட்காது, நீங்களோ உங்கள் திறமையைக் குறைசொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

காயம் ஏற்படாமல் ஓட்ட முடியுமா?

முடியாது என்பதே நேர்மையான பதில். காரை எலும்பு, மணிக்கட்டு, முழங்கால் தசைநார் ஆகியவை இந்தத் தொழிலில் அடிக்கடி அடிபடும் இடங்கள். முதுகுத்தண்டும் தலையும் அடிபடும் விபத்துகளும் நடக்கின்றன. அவற்றிலிருந்து திரும்பாதவர்களும் இருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு விலகிப்போவதென்று நீங்கள் முடிவெடுத்தால் அதை முழு மனத்துடன் மதிப்பேன்.

ஓடுவதென்று முடிவெடுத்தால், தரச் சான்று பெற்ற ஹெல்மெட், கழுத்துப் பட்டை, மார்புக்கும் முதுகுக்கும் கவசம், முழங்கால் பிரேஸ், மோட்டோகிராஸ் பூட்ஸ் ஆகிய எதுவும் விருப்பத்துக்குரியவை அல்ல. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே கீறலின்றி இருந்தாலும் உள்ளே நசுங்கியிருக்கும்; அதை மாற்றிவிடுங்கள்.

தலையில் அடிபட்டு மயக்கம், குழப்பம், வாந்தி, நினைவு மறதி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினாலும் அன்றைக்கு மீண்டும் பைக்கில் ஏறக் கூடாது. மூளை அதிர்ச்சி ஆறுவதற்கு முன் இன்னொரு அடி விழுந்தால் விளைவு பல மடங்கு மோசமாகும். அறிகுறிகள் முற்றிலும் மறைந்த பின், மருத்துவரின் கண்காணிப்பில் நடை, லேசான பயிற்சி, தனியாக ஓட்டுதல், பிறகு போட்டி என்று படிப்படியாகத் திரும்ப வேண்டும். எலும்பு முறிவை மறைக்க முடியாது, மூளை அதிர்ச்சியை வீரர் மறைத்துவிட முடிகிறது. இந்தக் காரணத்துக்காகவே அதை நான் எல்லாவற்றையும்விட அஞ்சுகிறேன். என் இளமையில் நானும் ஒருமுறை மறைத்தேன். அடுத்த வாரப் பந்தயத்தில் எந்த மேட்டுக்கு எந்தக் கியர் என்பதே நினைவுக்கு வராமல் தடத்தின் ஓரத்தில் பைக்கை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வருவதற்குப் பொறுமை எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஜெர்மனியின் கென் ராக்ஸன் நல்ல சான்று. 2017 ஜனவரியில் அனஹெய்ம் சூப்பர்கிராஸில் விழுந்து இடது கையில் மிகக் கடுமையாகக் காயமடைந்த அவர், பல அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின் 2018-இல் திரும்பினார். 450 சூப்பர்கிராஸில் அவருக்கு அடுத்த வெற்றி 2020-இல்தான் கிடைத்தது.

பணம் எந்தெந்த வழியில் வருகிறது?

சம்பளம் ஒரு வழி மட்டுமே. பரிசுத்தொகை உண்டு, ஆனால் கீழிடங்களில் அது பயணச் செலவுக்கே போதாது. கன்டிஞ்சென்சி எனப்படும் ஊக்கத்தொகையைப் பலர் கவனிப்பதில்லை. குறிப்பிட்ட நிறுவனத்தின் பைக்கிலோ டயரிலோ பதிவு செய்துகொண்டு, குறிப்பிட்ட போட்டியில் குறிப்பிட்ட இடத்துக்குள் வந்தால் அந்த நிறுவனம் தொகையாகவோ பொருட்களுக்கான வரவாகவோ கொடுக்கும். பதிவு செய்ய மறந்தவருக்கு எதுவும் கிடைக்காது. இவற்றைத் தவிர வார நாட்களில் பயிற்சி வகுப்பு நடத்துவதும், சஸ்பென்ஷன் பழுதுபார்ப்பதும், தடம் அமைப்பதும் தனி வீரர்களைத் தாங்கி நிறுத்தும் வேலைகள்.

ஸ்பான்சர்களை எப்படி அணுகுவது?

ஒரு பக்கக் கடிதம் போதும். நீங்கள் யார், எந்தப் பிரிவில் எந்தத் தொடரில் ஓடுகிறீர்கள், கடந்த பருவத்தின் முடிவுகள், அடுத்த பருவத்தின் அட்டவணை, அவர்களுடைய பொருளை விற்க நீங்கள் என்ன செய்வீர்கள் என்பவற்றை எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதே உயிர்நாடி. “எனக்கு உதவுங்கள்” என்ற கடிதத்தை எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தப் பகுதியில் யார் பைக் வாங்குகிறார்கள், எத்தனை இளைஞர்களுக்கு நீங்கள் பயிற்சி தருகிறீர்கள் என்று எழுதுபவர் குறைவு. முதல் உதவி விலைக் குறைப்பாகவே வரும். பெற்றுக்கொண்டு, மாதம் ஒருமுறை தவறாமல் அறிக்கை அனுப்புங்கள், தோற்ற மாதத்திலும் அனுப்புங்கள்.

ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

காயமடைந்தால் சம்பளம் தொடருமா, எத்தனை வாரத்துக்குப் பின் குறையும், மருத்துவக் காப்பீடு யார் பொறுப்பு, ஒப்பந்தத்தை இடையில் முறிக்கும் உரிமை யாருக்கு, சொந்த ஸ்பான்சர்களுக்கு எந்த இடம் விடப்பட்டிருக்கிறது என்பவற்றைப் பாருங்கள். வாய்மொழி வாக்கை நம்பி ஒரு பருவத்தையே இழந்தவர்களை அறிவேன். விளையாட்டு ஒப்பந்தம் தெரிந்த வழக்கறிஞர் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.

பெண்களுக்கு வாய்ப்பு இருக்கிறதா?

இருக்கிறது, இன்னும் நிறைய இருக்க வேண்டும். பெண்களுக்கான உலக மோட்டோகிராஸ் தொடரில் இத்தாலியின் கியாரா ஃபோன்டனேசி ஆறு பட்டங்களும், நியூசிலாந்தின் கோர்ட்னி டங்கன் நான்கு பட்டங்களும் வென்றிருக்கிறார்கள். அமெரிக்கப் பெண்கள் தொடரில் நான்கு முறை சாம்பியனான ஆஷ்லி ஃபியோலெக் பிறவியிலேயே செவித்திறன் இல்லாதவர்; என்ஜினின் சத்தத்துக்குப் பதிலாக அதன் அதிர்வை உணர்ந்து கியர் மாற்றினார். ஆண்கள் தொடரோடு ஒப்பிடும்போது போட்டிகளும் சம்பளமும் குறைவாக இருப்பது மறைக்க முடியாத குறை. ஸ்பெயினின் லாயா சான்ஸ், தடைகளைக் கால் ஊன்றாமல் கடக்கும் ட்ரையல்ஸ், எண்டூரோ, டாக்கர் என ஒன்றுக்கு மேற்பட்ட துறைகளில் ஓடித் தம் தொழிலை நீட்டித்துக்கொண்டது பின்பற்றத் தக்க வழி.

மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்து எடுத்துக்கொள்ளலாமா?

கேட்காமல் எடுத்துக்கொள்ளாதீர்கள். 2014-இல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் ஊக்கமருந்துச் சோதனையில் கவனக்குறைபாட்டுக்கான மருந்தில் உள்ள ஆம்ஃபெட்டமின் கண்டறியப்பட்டது. முன்கூட்டியே சிகிச்சைக்கான விலக்கு பெற்றிருக்காததால் அவருக்கு 16 மாதத் தடை விதிக்கப்பட்டது. மருந்து தேவைப்படுபவர்கள் அந்த விலக்கு அனுமதியைப் போட்டிக்கு முன்பே பெற வேண்டும். சளி மருந்தும் சத்து மாவும்கூடத் தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலுடன் ஒப்பிடப்பட வேண்டியவை.

பெற்றோராக நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

தடத்தின் ஓரத்தில் நின்று கத்தாதீர்கள். ஹெல்மெட்டுக்குள் எதுவும் கேட்காது, முகம் மட்டும் தெரியும். பந்தயம் முடிந்து பிள்ளை வேனுக்குத் திரும்பியதும், என்ன இடம் என்று கேட்பதற்கு முன் தண்ணீர் கொடுங்கள். பள்ளிப் படிப்பை நிறுத்த வேண்டாம். ஒரே ஒரு விபத்தால் இந்தத் தொழில் எந்த நாளும் முடிந்துவிடலாம். பிள்ளை ஓட விரும்பாத நாளில் ஓட வைக்காதீர்கள். அச்சத்தோடு தாவுபவர் ஆக்சிலரேட்டரைப் பாதியில் மூடுகிறார், முன்சக்கரம் கவிழ்கிறது.

முதல் ஆண்டில் எதை வெற்றியாகக் கருதலாம்?

ஒரு நோட்டில் இரண்டு வரிசைகள் போடுங்கள். ஒன்றில் எத்தனை பந்தயங்களைத் தொடங்கினீர்கள், மற்றதில் எத்தனை பந்தயங்களை, முடிவைக் காட்டும் கட்டக் கொடி வரை முடித்தீர்கள் என்று எழுதுங்கள். முடிக்காத ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். என் முதல் ஆண்டு நோட்டில் 18 தொடக்கங்களும் 11 நிறைவுகளும் இருக்கின்றன. விடுபட்ட ஏழில் மூன்று நான் விழுந்தவை. மற்ற நான்கும், முந்தின நாள் இரவு அரை மணி நேரம் செலவிட்டு செயினையும் ஏர் ஃபில்டரையும் பார்த்திருந்தால் முடித்திருக்கக் கூடியவை. இரண்டாம் ஆண்டில் என் வேகம் பெரிதாகக் கூடவில்லை. 20 தொடங்கி 18 முடித்தேன், முதன்முறையாக ஓர் அணியிலிருந்து என்னை அழைத்துப் பேசினார்கள்.